கல்லாவுக்கு அடியில் ஒரு யுபிஎஸ்

மே 12, திங்கள்

இந்த டைரியை வங்கிக்காரன் ஜனவரியில் கொடுத்தான். இதுவரை ஒரு எழுத்து எழுதவில்லை. டைரி எழுதுவது வேலைவெட்டி இல்லாதவன் செய்கிற காரியம். இன்றைக்குப் பேனாவை எடுத்ததற்கு ஒரே காரணம், திண்டுக்கல்லில் எனக்கு யுபிஎஸ் விற்றவன். நாளைக்கு அவன் "நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே சார்" என்று ஆரம்பித்தால் தேதியோடு எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும்.

நடந்தது இது. வத்தலக்குண்டில் என் பிளாஸ்டிக் கடைக்குக் காலை நேரம்தான் உயிர். மலையில் கடை வைத்திருப்பவர்கள் முதல் பஸ்ஸில் இறங்கி, குடம், வாளி, முறம் எல்லாம் கட்டி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். கடை திறந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் "கீ" என்று ஒரு தடவை கத்திவிட்டுச் செத்தது. கூடவே கம்ப்யூட்டரும். தாண்டிக்குடி அந்தோணிக்குப் பாதி போட்டிருந்த பில் ஆவியாகப் போய்விட்டது.

"என்னண்ணே, கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் உங்க கடையில பஸ்ஸை விடுறேன்" என்றான் அந்தோணி. ஐம்பது பேர் முன்னால்.

கம்ப்யூட்டர் என் யோசனை இல்லை. என் மாப்பிள்ளை சுகுமார் யோசனை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள். தீபாவளியில் இருந்து அவனும் என் மகள் வாசுகியும் என் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். அவன் கடையில் பில் போடுகிறான். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரார் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். நேரில் பார்த்தால் "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை." எழுதும்போது என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

நான் சைக்கிளில் குடம் கட்டி, மலையடிவாரத்து ஊர் ஊராகக் கூவி விற்றவன். பழைய இரும்புக்குக் குடம், சிக்கு முடிக்குக் குடம். அன்றைக்கு எந்த யுபிஎஸ் என்னைத் தாங்கியது?

எல்லாரையும் வெளியே அனுப்பி, சூடம் காட்டி, மெயின் சுவிட்சை இறக்கி, கடையைச் சாத்திவிட்டு வந்தேன்.

மே 14, புதன்

யுபிஎஸ் விற்றவன் அனுப்பின இன்ஜினியர் வந்தார். பெயர் ரோஷன். மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, கன்றுக்குட்டிக்கு மணி கட்டினதுபோல.

காலையில் வா என்றால் சாப்பாட்டு வேளைக்கு வந்தான். பிளக்கைப் பிடுங்கினான். கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. காபி குடித்தான். அப்போதும் ஓடியது.

"யுபிஎஸ் நல்லாத்தானே சார் இருக்கு."

"திங்கக்கிழமை செத்துச்சே?"

"லோடு ஜாஸ்தியா இருந்திருக்கும் சார்."

கல்லாவுக்கு அடியில் குனிந்து பார்த்தான். கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட் பெட்டி, கேமரா பெட்டி நான்கும் அதில்தான் மாட்டியிருக்கிறது. பிரிண்டரைப் பிடுங்கிச் சுவரில் மாட்டினான். யுபிஎஸ்ஸை நாலு பக்கமும் போட்டோ எடுத்தான், பெண் பார்க்க வந்தவன் மாதிரி. போய்விட்டான்.

கேமரா பெட்டியை அதில் மாட்டச் சொன்னவன் நான்தான். கரண்ட் போன நேரத்தில்தானே கை நீளும்? அப்போது கேமரா கண்ணை மூடிக்கொண்டால் அது எதற்கு?

மே 15, வியாழன்

கரண்ட் போகவில்லை. யுபிஎஸ் வேலை செய்தது. மழை பெய்யாத நாளில் எல்லாக் குடையும் நல்ல குடைதான்.

மே 20, செவ்வாய்

மறுபடியும் செத்தது. காலையில், கூட்டத்தில்.

இன்ஜினியர் இந்தத் தடவையும் மத்தியானம்தான் வந்து, "பேட்டரி வீக் சார்" என்றான். ஒரு வருஷம்கூட ஆகாத பேட்டரி எப்படி வீக் ஆகும் என்றேன். "உங்க ஊர் வோல்டேஜ் அப்படி" என்றான். அவன் சரக்கு சரியில்லை என்றால் என் ஊர்மேல் பழி. புது பேட்டரி போட்டான். பழையதை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தான். "வச்சிட்டுப் போ, எடைக்குப் போட எனக்கும் தெரியும்" என்றேன்.

சாப்பிடும்போது வாசுகி மெதுவாக ஆரம்பித்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்து மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறார்களாம்.

"போகட்டும்மா. கல்லாப் பக்கம் கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம்" என்றேன்.

"போனா பில்லை யாரு போடுவா? உங்களுக்குத்தான் அந்தத் திரையில எறும்பு ஊர்றது மாதிரி தெரியுதே" என்றாள் பவுனு. என் வீட்டுக்காரி.

ரசத்தை ஊற்று என்றேன்.

மே 26, திங்கள்

எதிர்த்த டீக்கடைக்காரர் சொல்கிறார்: "வீருச்சாமி அண்ணே, நீங்க கடையைச் சாத்திட்டுப் போனதும் உள்ள ஏதோ கீச் கீச்சுன்னு கத்துது. மூஞ்சூறு அடைஞ்சிருக்கும்போல."

எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. மூஞ்சூறு ஒயரைக் கடித்திருக்கிறது! இதைக் கண்டுபிடிக்க ஒரு டீ மாஸ்டர் வேண்டியிருக்கிறது. படித்தவன் ரெண்டு தடவை வந்து காபிதான் குடித்தான்.

எலிப்பொறி வாங்கி, மசால்வடைத் துண்டை மாட்டி, யுபிஎஸ் பக்கத்தில் வைத்தேன். மாப்பிள்ளை அதைப் பார்த்தான். சிரிப்பை அடக்குகிற மூஞ்சி எனக்குத் தெரியாதா?

மே 28, புதன்

வடை அப்படியே இருக்கிறது. எறும்புதான் வந்தது.

ஜூன் 3, செவ்வாய்

புதுப் பேட்டரியும் காலை வாரிவிட்டது. அந்தோணி இன்றைக்கு என் கடைப்பக்கமே வரவில்லை. மார்க்கெட் ரோட்டில் நேற்று முளைத்த ஒருவன் கடையில் நின்று வாளி எண்ணுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அங்கே துண்டுச்சீட்டில் பில். துண்டுச்சீட்டுக்கு யுபிஎஸ் வேண்டாம்.

மாப்பிள்ளை வந்து தலையைச் சொறிந்தான். "மாமா, ராத்திரி கடை சாத்துறப்ப நீங்க மெயினை—"

"இறக்குவேன். இருபத்தஞ்சு வருஷமா இறக்குறேன். இறக்காம இருந்த பக்கத்து ஜவுளிக்கடை என்ன ஆச்சுன்னு பஸ் ஸ்டாண்டுல விசாரிச்சுப் பாருங்க. ஒரு தீப்பொறி போதும், நம்ம கடை முழுக்க உருகி ரோட்டுல ஓடும்."

"அது சரிதான் மாமா, நான் சொல்ல வந்தது—"

"மாப்பிள்ளை, கூட்டம் நிக்குது பாருங்க."

பேச்சு முடிந்தது. கடையைச் சாத்துகிற நேரத்தில் நான் ஒருத்தரையும் உள்ளே வைத்துக்கொள்வதில்லை. சூடம் காட்டுவது, மெயினை இறக்குவது, பூட்டுவது மூன்றும் முதலாளி கை. எனக்குப் பிறகுதான் இன்னொரு கை. அதற்குள் இவன் மெயின்வரைக்கும் வந்துவிட்டான்.

ஜூன் 9, திங்கள்

நாளைக்கு மதுரையில் எனக்குக் கண் ஆபரேஷன். புரைதான், பெரிய விஷயம் இல்லை. பவுனு தங்கச்சி வீட்டில் தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டும்.

வேறு வழியில்லாமல் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். ரெண்டு கையாலும் வாங்கினான். நடிப்பு.

ஜூன் 13, வெள்ளி

பவுனு சொல்லச் சொல்ல வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். லோடு ஏற்றுகிற சடையாண்டி, "மொதலாளி சினிமாக்காரர் மாதிரி இருக்கீங்க" என்றான். அவனுக்கு வேலை குறைவு.

அவனேதான் இதையும் சொன்னான். இந்த வாரம் லைன் வேலை என்று தினமும் காலையில் கரண்ட் போனதாம். "யுபிஎஸ் கல்லு மாதிரி நின்னுச்சு மொதலாளி. ஒரு பில்லு நிக்கலை."

நான் இருந்தால் சாகிறது. நான் இல்லாவிட்டால் கல்லு மாதிரி நிற்கிறது.

மாப்பிள்ளை சாவியைக் கொண்டுவந்து நீட்டினான். "மாமா, ஒரு விஷயம் சொல்லணும். நீங்க ஊர்ல இல்லாதப்ப நான்—"

"கண்ணுல சொட்டு மருந்து விடணும். அப்புறம் பேசலாம்."

அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியாதா? "நான் இருந்து பார்த்தால்தான் கடை நன்றாக ஓடுகிறது, நீங்கள் வீட்டில் ஓய்வெடுங்கள்." அதைத்தான் நாக்கு நுனியில் வைத்திருந்தான்.

ராத்திரி நானே சாத்தினேன். பவுனு தூசி படக்கூடாது என்று கத்தினாள். சூடம், மெயின், பூட்டு.

ஜூன் 14, சனி

செத்தது.

ஜூன் 18, புதன்

செத்தது. இன்ஜினியருக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. வேறு நம்பரில் இருந்து போட்டேன், முதல் மணியிலேயே எடுத்தான்.

யோசித்துப் பார்த்தேன். வியாபாரத்தில் ஒரு கணக்கு உண்டு. சரக்கு ஒரு ஆள் இருக்கும்போது மட்டும் குறைந்தால், சரக்கைப் பார்க்காதே, ஆளைப் பார். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் படித்தவன். ஒரு ஒயரைத் தளர்த்திவிட எவ்வளவு நேரம் ஆகும்? கிழவனைப் பத்துப் பேர் முன்னால் முட்டாளாக்கினால் கிழவன் தானாகச் சாவியை நீட்டுவான். ஓசூர் ஓசூர் என்று மகள் வாயால் பேச வைப்பது என்னைப் பதற வைக்க.

நான் பதறவில்லை.

கேமரா எதற்கு இருக்கிறது?

ஜூன் 23, திங்கள்

இன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாக எழுதலாம் என்று பார்த்தேன். முடியாது.

இன்ஜினியரை வரவழைத்தேன். கேமரா படத்தைப் பழைய தேதிக்கு ஓட்ட எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையைக் கேட்க முடியாது. பவுனும் வாசுகியும் சாப்பாடு கொண்டுவந்த நேரம். சடையாண்டி கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் இருக்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

"தம்பி, இந்தப் பொட்டியில யாரு கை வைக்கிறான்னு படம் போட்டுக் காட்டு."

மாப்பிள்ளை நாற்காலியில் இருந்து எழுந்தான். "யாரைச் சந்தேகப்படுறீங்க மாமா?"

"நான் ஊர்ல இல்லாட்டி ஓடுது. நான் வந்தா சாகுது. நீ என்ன மந்திரம் போடுறேன்னு பார்த்துரலாம்."

'நீ' வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். வாசுகி கையில் இருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"திருட்டுத்தனம் பண்றவன் என் கல்லாவுல உட்காரக் கூடாது" என்றும் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்ஜினியர் எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு முந்தாநாள் படத்தைப் போட்டான்.

திரையில் நான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தட்டில் சூடத்தோடு கடையைச் சுற்றி வருகிறேன். பின்னந்தலையில் வழுக்கை இவ்வளவு இருக்கும் என்று தெரியாது. கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். மெயினை இறக்குகிறேன். படம் கறுப்பு வெள்ளையாக மாறுகிறது. ஷட்டர் இறங்குகிறது. ஆள் இல்லாத கடையில், கல்லாவுக்கு அடியில், யுபிஎஸ் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. இன்ஜினியர் சத்தத்தைக் கூட்டினான். கீச். கீச். கீச்.

"மூஞ்சூறு" என்றான் சடையாண்டி. யாரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் சிரித்தான்.

இன்ஜினியர் வேகமாக ஓட்டினான். ஓர் இடத்தில் படம் பட்டென்று நின்றது. அதற்குப் பிறகு காலையில்தான் படம் வருகிறது, நான் மெயினை ஏற்றும்போது. அதற்கு முந்தின நாளும் அப்படியே. அதற்கும் முந்தின நாளும்.

"சார், மெயினை இறக்கிட்டா யுபிஎஸ் கரண்ட் போச்சுன்னு நினைச்சுக்கும். கேமரா பொட்டியும் நெட் பொட்டியும் பேட்டரியில ஓடி ஓடி ராத்திரியே காலி பண்ணிரும். நீங்க காலையில ஏத்தினதும் சார்ஜ் ஆக ஆரம்பிக்கும். உடனே கரண்ட் போனா அதுகிட்ட என்ன இருக்கும்? நான் மத்தியானம் வர்றப்ப நிறைஞ்சிருக்கும். தினமும் இப்படிக் காலி பண்ணினா எந்தப் பேட்டரியும் தாங்காது."

"இதை முதல் நாளே சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"நீங்க மெயினை இறக்குவீங்கன்னு யாரு சார் சொன்னா?"

நான் விடவில்லை. "நான் மதுரையில இருந்த நாளைப் போடு" என்றேன். பவுனு "போதுங்க" என்றாள். போடு என்றேன்.

திரையில் மாப்பிள்ளை. அவனும் சூடம் காட்டுகிறான். தட்டைத் தப்பாகச் சுற்றுகிறான், வலமிருந்து இடமாக. மெயின் பக்கம் போகிறான், கையைத் தூக்குகிறான், இறக்காமல் திரும்புகிறான். ஷட்டரை உள்பக்கமாக இழுத்துவிடுகிறான். அட்டைப்பெட்டி ரெண்டைப் பிரித்துத் தரையில் விரித்து, யுபிஎஸ் பக்கத்தில் படுக்கிறான். பக்கத்தில் ஒரு வாளி மணல். இன்ஜினியர் ஓட்டினான். மாப்பிள்ளை எழுந்து உட்காருகிறான், சுவிட்ச் போர்டைத் தொட்டுப் பார்க்கிறான், படுக்கிறான். மறுபடி எழுகிறான்.

மறுநாள் படமும் அதேதான்.

"நீங்க இல்லாத மூணு நாளும் அவர் வீட்டுக்கு வரலைப்பா" என்றாள் வாசுகி. "மெயினை இறக்காம விட்டாத்தான் யுபிஎஸ் நிக்குதான்னு தெரியும். ஆனா மாமா தீக்குப் பயப்படுறது நியாயம்தானே, நான் காவலுக்குப் படுத்துக்கிறேன்னாரு. உங்ககிட்ட சொல்ல எத்தனை தடவை வந்தாரு?"

பிளாஸ்டிக் பாய் அடுக்கு அடுக்காக விற்கிற கடையில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருக்கிறான். ஒரு பாயை உருவிக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? வியாபாரம் பண்ணத் தெரியாதவன்.

மாப்பிள்ளை பாதியில் நின்ற பில்லைப் போட்டு முடித்தான். பிரிண்ட் எடுத்து, காத்து நின்ற வாடிக்கைக்காரரிடம் கொடுத்தான். பிறகு "வர்றேன் மாமா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

ஜூன் 24, செவ்வாய்

எலக்ட்ரீசியன் வந்தான். யுபிஎஸ்ஸுக்கு மட்டும் தனி லைன், தனி பிரேக்கர். மெயினை இறக்கினாலும் அது அணையாது. தீக்கும் பயமில்லை என்றான். அரை நாள் வேலை. இதற்குத்தான் ஒன்றரை மாசம்.

மாப்பிள்ளை கடைக்கு வந்தான், பில் போட்டான். கேட்டதற்கு "சரிங்க மாமா". கேட்காததற்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் வாசுகி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாடியில் அலமாரி காலியாக இருந்தது.

"ஓசூர்ல போன மாசமே வேலை குடுத்துட்டாங்கப்பா. மாமாவுக்குக் கண் ஆபரேஷன், கடையை விட்டுட்டு வர முடியாதுன்னு இவர் வேண்டாம்னுட்டாரு. நேத்துச் சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டுப் பேசினாரு. இன்னும் இடம் இருக்காம்."

"ஒரு யுபிஎஸ்ஸுக்காக ஊரை விட்டுப் போவாங்களா?"

"யுபிஎஸ்ஸுக்காகப் போகலைப்பா."

கீழே வந்ததும் பவுனு பிடித்துக்கொண்டாள். "போய் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்ன வார்த்தை?"

"தப்பா நினைச்சுட்டேன் மாப்பிள்ளைன்னு."

"அப்படியெல்லாம் பேசி எனக்குப் பழக்கமில்லை."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள். அதை அவள் கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 27, வெள்ளி

மாடியில் வாடகைக்கு ஆள் வைப்பதாக இல்லை என்று வாசுகி காதில் விழும்படி ரெண்டு தடவை சொன்னேன். கல்லாவை ரெண்டாகப் போட்டால் ரெண்டு பேர் உட்காரலாம் என்று சடையாண்டியிடம், மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது சொன்னேன். சடையாண்டி "எதுக்கு மொதலாளி, ஒரு கல்லாவுக்கே கூட்டம் குறைஞ்சு போச்சே" என்றான். இவனை வேலையை விட்டு அனுப்ப வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

போய்விட்டார்கள்.

ஓசூரில் தண்ணீர் பிடிக்கக் குடம்கூட இருக்காது. காலையில் கடையைத் திறந்து நானே எடுத்து வைத்தேன். குடம் நாலு, மூடி போட்ட டிரம் ஒன்று, வாளி, கப், அரிசி டப்பா, மளிகை டப்பா ஒரு செட், துணி கூடை, குப்பைக் கூடை. ரெண்டாம் தரம் எதுவும் இல்லை. கயிறு போட்டு நானே கட்டினேன். சைக்கிளில் கட்டின கை, ஒரு குடம் ஆடாது.

மாப்பிள்ளை கட்டைப் பார்த்தான். "பில் போட்டுரட்டுமா மாமா?" என்றான்.

குத்திக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா, எனக்கு இன்னும் தெரியவில்லை. வேண்டாங்க என்றேன். பஸ்ஸில் கட்டை மேலே ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். அவசரத்துக்குப் பிறந்தவன்.

"கண்ணுக்கு மருந்து விட மறந்துராதீங்க மாமா" என்று ஜன்னல் வழியாகச் சொன்னான். எனக்கே சொல்கிறான்.

ஜூலை 3, வியாழன்

காலையில் நல்ல கூட்டம். அந்தோணி திரும்பி வந்துவிட்டான். மார்க்கெட் ரோட்டுக்காரன் கொடுத்த வாளி மூன்றில் ஓட்டையாம்.

கடை திறந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. பேன் நின்றது, விளக்கு நின்றது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. யுபிஎஸ் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு கம்மென்று ஓடியது. இருட்டுக் கடையில் அந்தத் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. எதிரே நாற்காலியில் யாரும் இல்லை. புதுக் கண்ணில் எழுத்தெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. எந்த எழுத்தை அமுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

துண்டுச்சீட்டை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தேன்.

"எங்கண்ணே மாப்பிள்ளை?" என்றான் அந்தோணி.

"லீவுல போயிருக்காரு" என்றேன்.

"எத்தனை நாளைக்கு?"

"உன் பஸ்ஸு கிளம்பப் போகுது. குடத்தை எண்ணிக்கோ."